ஆம்பூர்ப் பந்தலில் ஒரு நேபாளத்து இடும்பி

வைகாசியில் போய்வந்த பயணம் இது. ஆடி பிறந்த பிறகுதான் எழுத உட்கார முடிந்தது. நடுவில் யாழினிக்கு ஒரு காய்ச்சல், ஒரு தடுப்பூசி, அப்புறம் காரணமே தெரியாத ஒரு வார அழுகை. இரண்டரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு வலைப்பூ நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தப் பயணத்தை எழுதாமல் விட மனமில்லை. நினைத்தாலே இன்னும் உள்ளுக்குள் குதிக்கிறது.

கொஞ்ச காலமாக எனக்கு நேபாளப் பைத்தியம். அதாவது, அங்கே இப்போது எழுதப்படுகிற இதிகாசக் கதைகளின் பைத்தியம். நமக்கு இதிகாசம் எங்கோ வடக்கே நடந்த கதை. அவர்களுக்கு அது பக்கத்து ஊரில் நடந்தது. சீதை ஜனக்பூரில் பிறந்து வளர்ந்த வீட்டுப் பெண். அர்ச்சுனனோடு மல்லுக்கு நின்ற வேடன் கிழக்கு மலைக்காரன். அதனால் மூலக்கதையில் இரண்டு வரி வந்துவிட்டு மறைகிற ஆட்களைப் பிடித்து உட்கார வைத்து, "நீ அப்புறம் என்ன ஆனாய்?" என்று உரிமையோடு விசாரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் கிடைத்தவற்றை மட்டுமே படித்திருக்கிறேன். அதற்கே இந்த ஆட்டம்.

அப்படிப் படித்ததில் ஒரு குறுநாவல் என்னைத் தூங்கவிடவில்லை. எழுதியவர் மஞ்சு. ஹெடௌடா என்ற ஊர்க்காரர். அந்த ஊரின் பெயரே இடும்பியின் பெயரிலிருந்து வந்தது என்று அங்கே சொல்வார்களாம். அவருடைய இடும்பி அரக்கி இல்லை, மலைக்காட்டுப் பெண். பீமன் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறான். அவள் தனியாக மகன் கடோத்கஜனை வளர்க்கிறாள். ஒருநாள் அப்பா வீட்டிலிருந்து ஆள் வருகிறது, போருக்குக் கூப்பிட. மகன் போகிறான். பிறகு சாவுச் செய்தி வருகிறது. மகனுக்காக ஏற்றிய சோற்றுப் பானையை அவள் அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிறாள். அந்த வரியோடு புத்தகம் முடிகிறது.

யாழி தூங்கும் நேரங்களில் உட்கார்ந்து முழுவதையும் தமிழில் செய்துவிட்டேன். அனுமதி கேட்காமலே. பிறகுதான் ஆசிரியருக்கு மின்னஞ்சல். பதில் மரியாதையாக, தெளிவாக வந்தது. வேண்டாம். புத்தகம் வெளிவந்த சில மாதங்களில் அவருடைய மகனுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஒன்பது வயதுப் பையன். "அவனை உள்ளே கொண்டுபோனபோது நான் எழுதிய அந்தக் கடைசி வரிதான் மனசுக்குள் ஓடியது. அந்த முடிவு இன்னொரு மொழியில் வர வேண்டாம். வேறு முடிவும் எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். பையன் இப்போது நன்றாக இருக்கிறானாம். மறு பரிசோதனைக்கு வேலூர் வருகிறோம், அருகில் இருந்தால் தேநீர் குடிக்கலாம் என்றும் ஒரு வரி.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நேரில் கேட்டால் மனம் மாறலாம் இல்லையா?

சென்னை சென்ட்ரலில் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் ரயில். காட்பாடிக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை, நூற்று முப்பது கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பு இருக்கை 95 ரூபாய். யாழிக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் அவள் பைக்குத் தனி டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். வெப்பமானி, காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மூன்று செட் உடை, இரண்டு தொப்பி. ஒரு தொப்பி பறந்துவிட்டால்? என் கணவர் கார்த்தி இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். ஒரு தொப்பி அரக்கோணம் தாண்டியதும் பறந்துவிட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

காட்பாடி நிலையத்திலிருந்து வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களுக்கு ஆட்டோ 180 ரூபாய். பேருந்தும் உண்டு, ஆனால் குழந்தையோடு வேண்டாம். அந்தத் தெருக்களில் வங்காளி, நேபாளி, இந்தி எல்லாம் பலகைகளிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும்.

மஞ்சு திதி லாட்ஜ் வாசலிலேயே நின்றிருந்தார். திதி என்றால் அக்கா. அப்படித்தான் கூப்பிடச் சொன்னார். தேநீர் குடித்தோம். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்காமல் மறுபடி மறுத்தார். யாழி அவர் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என் முகம் விழுந்ததைப் பார்த்தாரோ என்னவோ, "இன்று ஞாயிறு, மருத்துவமனை வேலை எதுவும் இல்லை. பையனை அவன் அப்பா பார்த்துக்கொள்வார். எங்கேயாவது போகலாமா?" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு உடனே தோன்றியது பாரதம்தான். வைகாசியில் இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விழா நடக்கும். மதியம் பந்தலில் ஒருவர் உட்கார்ந்து பாரதம் சொல்வார், ராத்திரி அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். மதியத்துக்குப் போனால் போதும் என்றதும் திதி எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வேலூர் பேருந்து நிலையத்திலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 45 ரூபாய். ஆம்பூரில் இறங்கியதும் பிரியாணி. இதைப் பற்றி நான் புதிதாக எழுத எதுவும் இல்லை. கத்திரிக்காயை ஒதுக்காதீர்கள், அவ்வளவுதான். திதி கத்திரிக்காயை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்ட கடை எதிரிலேயே ஒரு சுவரொட்டி, மகாபாரத அக்னி வசந்த விழா. ஊர் பேரணாம்பட்டு சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டுநர் ரஹ்மத் பாய் போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 900 கேட்டார். 700க்கு இறங்குவார் என்று நினைத்தேன். அதற்குள் திதி இந்தியில் ஏதோ கேட்க, பாய் வீட்டில் பேசும் உருதுவில் பதில் சொல்ல, இரண்டு பேரும் நீண்ட நாள் தோஸ்த் மாதிரி ஆகிவிட்டார்கள். பேரம் போச்சு.

"இன்னா மேடம், உங்களுக்கு இந்தி வராதா?" என்றார் என்னிடம், கண்ணாடியில் பார்த்து.

"வராது பாய்."

"இவங்க புக்கை நீங்கதான் தமிழ்ல எழுதினீங்களாமே?"

"இங்கிலீஷ்ல இருந்து பாய்."

"ஓ. ஒரிஜினல் இல்லாம ஸ்பேர் பார்ட்ஸ்ல ஓட்டிக்கினு கீறீங்க."

திதி சிரித்ததிலிருந்து பாய் அதை அவருக்கும் மொழிபெயர்த்துவிட்டார் என்று தெரிந்தது.

வழியில் தோல் பதனிடும் ஆலைகள். யாழிக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாதோ என்று முகத்தில் துணியைப் போட்டேன். அவள் துணியைத் தள்ளிவிட்டு ஆடுகளை எண்ணினாள். பயணத்தில் இந்தப் பகுதிக்காகப் பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்குத்தான் மூக்கு அதிகம்.

ஊர் எல்லையில் தபசு மரம் நின்றது. அர்ச்சுனன் தவம் செய்யும் நாளில் அவன் வேடம் கட்டியவர் ஏறும் உயரமான கம்பம். மேலே கட்டிய தென்னங்கீற்று காய்ந்திருந்தது. அங்கே ஏறித்தான் எலுமிச்சம்பழம் வீசுவார், குழந்தை வேண்டும் பெண்கள் மடியில் ஏந்துவார்கள் என்று பாய் சொன்னதும், திதி ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் அந்தக் கம்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். "இந்தத் தவத்தைக் கலைக்க வந்த வேடன் எங்கள் ஆள். இவ்வளவு தூரம் வந்திருக்கிறானா?" என்றார். அவர் முகத்தில் இருந்த பரவசம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பந்தலில் நூறு பேராவது இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். பாரதம் சொல்கிற வாத்தியார் வண்டி வழியில் பஞ்சராம். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தோம், பாய் பந்தல் கால் பக்கம் நின்றுகொண்டார். பக்கத்தில் இருந்த சாந்தி என்ற பெண் கேட்காமலே யாழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை, ஞாயிறு லீவு. நான் அவர் விரல்களைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"இன்னாம்மா கையைப் பார்க்கற? கம்பெனி பசையெல்லாம் நேத்தே தேய்ச்சுக் கழுவிட்டேன்."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கண்டுகொள்ளாமல், முன்பே பழக்கமான பாயிடம் திரும்பினார்.

"யாரு பாய் இந்தம்மா? கம்பெனி பார்க்க வந்த பார்ட்டியா?"

"இல்லக்கா, நேபாளம். இவங்களும் பாரதம் சொல்றவங்கதான்."

எழுதுகிறவர் என்றுதான் திதி பாயிடம் சொல்லியிருப்பார். அவர் வாயில் அது பதவி உயர்வு பெற்றுவிட்டது. அந்தப் பேச்சு பந்தலின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. வாத்தியார் வர நேரமாகும், அந்தம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள் என்று நாலைந்து குரல். மைக்செட்காரர் மைக்கைக் கொண்டுவந்து திதி முன்னால் வைத்தேவிட்டார்.

"நான் எப்படிக்கா அம்மன் முன்னாடி குந்தி பாரதம் சொல்றது?" என்று பாய் நெளிந்தார்.

"நீ எங்க சொல்ற? சொல்றது அந்தம்மா. நீ வெறும் வாய்தான், குந்து" என்றார் சாந்தி.

திதி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தன் இடும்பியின் கதையை இந்தியில் மெதுவாக ஆரம்பிக்க, பாய் ஆம்பூர்த் தமிழில் அதைப் பிடித்துக்கொண்டார். நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து தேடிய சொற்களெல்லாம் அந்த மனிதர் வாயில் சாதாரணமாக வந்து விழுந்தன. பீமன் கிளம்பும் இடத்தை நான் மூன்று வாக்கியத்தில் செய்திருந்தேன். பாய், "அம்மா கூப்ட்டாங்க, அண்ணன் கூப்ட்டான்னு போய்ட்டான். திரும்பியே பார்க்கல" என்று முடித்தார். பொறாமையாக இருந்தது. அதைவிட சந்தோஷமாக இருந்தது.

"அரக்கியை இப்படி நல்லவளா சொல்றாங்களே?" என்றார் ஒருவர்.

"அரக்கின்னா இன்னா, அவளும் பெத்தவதானே. மேல சொல்லு பாய்" என்றார் சாந்தி.

போர் வந்தது. அர்ச்சுனனுக்கென்று கர்ணன் வைத்திருந்த சக்தி ஆயுதத்தை மகன் மார்பில் வாங்கிக்கொண்டான். சித்தப்பா பிழைத்தான் என்று அப்பா பக்கத்தில் கொண்டாடினார்கள். செய்தி காட்டுக்கு வந்தது. இடும்பி பானையை இறக்கி வைத்தாள். திதி நிறுத்தினார். பாயும் நிறுத்தினார்.

நான் உள்ளுக்குள் கைதட்டத் தயாராக இருந்தேன்.

"உம். மேல?" என்றார் சாந்தி.

"அவ்ளோதாங்க்கா. கதை முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? சாவுல நிறுத்திட்டு எப்படி பாய் எழுந்திரிக்கிறது?"

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரிய வந்தது. இந்தப் பந்தலில் யாராவது விழுகிற கட்டம் வந்தால் அங்கே கதையை மூடக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் ஒரு நல்லது வரும்வரை வாத்தியார் சொல்லியாக வேண்டும். கல்யாணமோ, பட்டமோ, பிறப்போ. அதற்குப் பிறகுதான் கற்பூரம். கற்பூரம் காட்டுமுன் யாரும் எழுந்து வீட்டுக்குப் போகக்கூடாது, சாவைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடுமாம்.

"புள்ளைங்களை வூட்ல வுட்டுட்டு வந்துகீறோம். நல்லது ஒண்ணு சொல்லி அனுப்பச் சொல்லு பாய்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

பாய் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க திதியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஏன் என்று அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும். "அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை" என்றார் என்னிடம், ஆங்கிலத்தில். இவரை இங்கே ஏன் கூட்டி வந்தேன்? தமிழ்ப் புத்தகம் போனது போனதுதான், இந்தப் பெண்ணின் நல்ல ஞாயிற்றுக்கிழமையையும் கெடுத்தேனே.

சமாளிக்கப் பார்த்தேன். "அப்புறம் பாண்டவர்கள் ஜெயிச்சாங்க, தருமருக்குப் பட்டாபிஷேகம் நடந்தது" என்றேன் சத்தமாக.

சாந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது அவங்க வூட்டு நல்லது. இவ வூட்ல இன்னா நல்லது? அதச் சொல்லு."

திதி அவர் என்ன சொன்னார் என்று பாயிடம் கேட்டார். பாய் சொன்னார். சாந்தியின் மடியில் யாழி எப்போதோ தூங்கிப்போயிருந்தாள், வாயைத் திறந்துகொண்டு. திதி அவளையே பார்த்தபடி இருந்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

இறக்கி வைத்த பானையிலிருந்த சோற்றை இடும்பி வேறு பாத்திரத்தில் கொட்டினாள். பானையில் தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றினாள். ஏனென்றால் பக்கத்துக் குடிசைப் பெண்ணுக்கு வலி எடுத்திருந்தது. அந்தக் காட்டில் பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் இடும்பி ஒருத்திதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு பாய் நின்றுவிட்டார். "யக்கா, இதெல்லாம் நான் எப்படிச் சொல்றது?"

"நாலு பெத்தவன்தானே பாய், சொல்லு."

"பெத்தது நானா?"

பந்தல் வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு கதை திதியிடம் மட்டும் இல்லை. தண்ணி கொதிச்சுதா, தலை திரும்புச்சா, பக்கத்துல வேற பொம்பளை இல்லையா என்று ஆளாளுக்குக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் திதி நேராக நிமிர்ந்து பதில் சொன்னார். தண்ணீர் கொதித்தது. தலை திரும்பவில்லை, இடும்பி கையால் திருப்பினாள். கொடியை மூங்கில் சில்லால் அறுத்தாள். "மூங்கிலா? நல்லா கூரா இருக்கும்" என்று ஒருவர் சான்றிதழ் கொடுத்தார்.

"அவ அழவே இல்லியா? பையன் போன செய்தி வந்துச்சே?"

திதி யோசித்தார். "குழந்தை அழும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். அது அழுததும் கூடவே சேர்ந்து அழுதாள். எது யார் சத்தம் என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை."

பாய் அதைத் தமிழில் சொன்னார். பந்தலில் பல பேர் முந்தானையை எடுத்தார்கள்.

சாந்திதான் முதலில் தேறினார். "ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"அப்பாடா. எந்தப் போருக்கும் இட்டுனு போவ மாட்டானுங்க."

திதிக்கு இது போய்ச் சேர்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்காமல் கண்ணில் நீர் வழிந்தது. பூசாரி கற்பூரத் தட்டை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வியர்க்க விறுவிறுக்க வாத்தியார் வந்து நின்று, "எங்க விட்டோம் நேத்து?" என்றார்.

"இங்க கொழந்தையே பொறந்துடுச்சு வாத்தியாரே, மெதுவா தண்ணி குடி" என்றது கூட்டம்.

திரும்பும் வழியில் நான் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஒருமுறைகூட. வேலூர் லாட்ஜ் வாசலில் அவர் பையன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் தலையில் கையை வைத்தபடி சொன்னார், "உன் தமிழ்ப் புத்தகத்தை அச்சுக்குக் கொடு. ஆனால் கடைசி அத்தியாயத்தை நான் எழுதி அனுப்பும்வரை பொறு. இன்று சொன்னதுதான்."

நான் கத்திய கத்தலில் யாழி பயந்து அழுதாள். அன்று முழுக்க நான் எதிர்பார்த்துப் பயந்த அழுகை அது ஒன்றுதான் வந்தது, அதற்கும் காரணம் நான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரையிலிருந்து ஆடி வரை இந்தப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு பேருந்து நிலையச் சுவர்களைப் பாருங்கள். மதியக் கதை இரண்டு மணி வாக்கில் தொடங்கும். வெயில் ஜாஸ்தி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். படம் எடுக்குமுன் கேளுங்கள். காட்பாடியிலிருந்து மாலையில் சென்னைக்கு ரயில்கள் நிறைய, ஆனால் ஞாயிற்றுக்கிழமை முன்பதிவு செய்துவிடுங்கள். நான் செய்யவில்லை. குழந்தையை யாராவது கேட்காமல் தூக்கினால் பதறாதீர்கள். பதறுவீர்கள், தெரியும். கொஞ்சம் கம்மியாகப் பதறுங்கள். முக்கியமாக, கற்பூரம் காட்டும்வரை எழுந்துவிடாதீர்கள். நான் அதுவரை மூடநம்பிக்கை என்று சிரித்திருக்கக்கூடிய விஷயம் அது. தான் எழுதிய வரிக்கே தன் பிள்ளையை நினைத்துப் பயந்துபோன ஒரு தாயை அதுதான் மறுபடி எழுத வைத்தது.

புது அத்தியாயம் போன வாரம் வந்தது. ஆங்கிலத்தில் இல்லை. திதி இந்தியில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். "இதை உனக்குப் பாய் சொல்லட்டும், நீ எழுதிக்கொள்" என்று குறிப்பு. ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டாம் என்கிறார் போல. பாய்க்கு உடனே ஃபோன் செய்தேன்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம். அந்த ஊர்ப் பக்கம் சவாரி போனாலே பேஜாரா கீது. வண்டியை நிறுத்தி நிறுத்திக் கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க பாய்?"

"அந்தப் பொண்ணுக்கு இன்னா பேர் வெச்சாங்கன்னுதான்."